எழுவரும் எழுவகை உழைப்பும்

பழைய மாணவர் சங்கத்தின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் பலர் உளர். ஆசிரியப் பெருந்தகைகளின் தொண்டினைப் போற்றி எழுதுவோரும் பலர் உளர். ஆதலின் விளையாட்டிடத்தைப் பற்றி எழுதுவதே எமக்குத் தகும் எனத் துணிந்தோம். வகுப்பறையில் எமக்குக் கிடைத்த இடம் எப்போதும் பின்வரிசையே. மைதானத்தில் மட்டுமே முன்வரிசையில் நின்றோம். அன்றியும், மைதானத்தின் கீழ்ப்புறத்தைச் சமன்செய்து கைப்பந்தாட்டத்திற்கு ஒரு களம் அமைப்பதெனச் சங்கம் அண்மையில் முடிவு செய்திருக்கிறது. களம் அமைந்தவுடன் அதில் எந்தப் பிள்ளைகளை ஆடவிடுவது என்னும் வினா எழும். அவ்வினாவுக்கு எமக்குத் தோன்றும் விடையை முன்னதாகவே எழுதி வைப்பது நலமென எண்ணுகிறோம்.

முதலில் பெயர் குறித்து ஒரு சொல். தமிழகத்தார் கைப்பந்து என்னும்போது, வலைக்கு மேலாகப் பந்தை அடித்தாடும் ஆட்டத்தையே பெரும்பாலும் கருதுவர். அதனை நாம் கரப்பந்து என்கிறோம். ஈண்டு நாம் கைப்பந்து எனக் குறிப்பது ஆங்கிலத்தில் ‘ஹான்ட்போல்’ எனப்படும் வேறோர் ஆட்டமாகும். 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உள்ள களத்தில் பக்கத்துக்கு எழுவராக நின்று, பந்தைக் கையால் எறிந்து, 3 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் கொண்ட கோலுக்குள் செலுத்துவர். கோலின் முன்னே 6 மீற்றர் தூரத்தில் வளைந்து செல்லும் கோட்டுக்குள் கோல் காப்பாளர் அன்றி வேறெவரும் கால் பதித்தல் ஆகாது. பந்தைக் கையிற் கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கலாகாது. மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கவும் ஆகாது. ஆட்டம் 30 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும்.

டென்மார்க் தேசத்து ஆசிரியர் ஹொல்கர் நீல்சன் இதற்கான விதிகளை 1906 இல் வெளியிட்டார். 1936 இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவில் திறந்த வெளியில் பக்கத்துக்குப் பதினொருவராக ஆடினர். இன்றைய எழுவர் ஆட்டம் ஆடவருக்கு 1972 இல் மியூனிக் நகரிலும், மகளிருக்கு 1976 இல் மொன்றியல் நகரிலும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஆசிய விளையாட்டு விழாவில் 1982 இல் புது டில்லியில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. நமக்கு இது புதிய ஆட்டமெனினும் உலகுக்குப் புதியதன்று.

இனி, எமது மாணவப் பருவத்துச் செய்தியொன்றைக் கூறல் வேண்டும். 1970களின் பிற்பகுதியில் நாம் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்றோம். அந்நாளில் மைதானத்தில் நடந்த முதன்மையான ஆட்டம் கரப்பந்தே. பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களில் சமதரை அரிது என்பதை அன்பர்கள் அறிவர். மலைச்சரிவை வெட்டி நிரவிய இடமே மைதானம். அதன் விளிம்பைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டோடிக் கான் வரையிற் சென்றுதான் நிற்கும். அணிக்கு ஆள் தெரிவு செய்யும் நாளில், மைதானத்தை ஒட்டிய மண்டபத்துத் தூணொன்றில் கரித்துண்டால் ஒரு கோடு கீறப்படும். கோட்டைத் தலை தொட்டவர் ஒருபுறம், தொடாதவர் மறுபுறம். மறுபுறம் நின்றவர்களுக்குப் பந்து பொறுக்கும் பணி கிடைக்கும்.

அவர்களுள் எம்மிலும் இரண்டு வகுப்புக் குறைந்த மாணவர் ஒருவர் இருந்தார். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்தவர். உருண்ட பந்து கானை அடையுமுன் அதை மறித்துப் பிடித்து மேலே எறிந்து, அடுத்த பந்துக்கு ஆயத்தமாக நிற்பார். சரிவில் அவர் இறங்கும் வேகமும், செடிக்குச் செடி உடலைத் திருப்பும் நேர்த்தியும், கீழிருந்து மேலே குறிதவறாமல் எறியும் ஆற்றலும் ஆடிக்கொண்டிருந்த எம்முள் எவரிடமும் இருக்கவில்லை. ஒருநாள் அவர் எம்மிடம், “பந்து பொறக்க ஓடுறப்ப காலு போதும், ஆடுறப்ப மட்டும் ஒசரம் பத்தாதாண்ணே?” என்று வினவினார். அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. சாதாரணதரப் பரீட்சையுடன் படிப்பை நிறுத்திக் கொழும்புக்குக் கடை வேலைக்குச் சென்ற அவர், கல்லூரி அணியில் ஒருநாளேனும் ஆடியதில்லை.

கோடு கீறிய ஆசிரியரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அக்காலத்துக் கரப்பந்து விதி அத்தகையது. அறுவரும் முறை முறையாக இடம் மாறி வலைமுன் வரவேண்டும்; ஆடவருக்கு வலையின் உயரம் 2.43 மீற்றர். முறை வரும்போது குட்டையான ஒருவர் வலைமுன் நின்றால் அங்கே மதிலில் ஓட்டை விழுந்தது போலாகும். பின்களத்தில் நின்று பந்தெடுப்பதற்கென்றே ‘லிபரோ’ என்னும் தனிநிலை சர்வதேச விதிகளில் 1998 ஆம் ஆண்டே இடம்பெற்றது. அதற்குள் எமது நண்பருக்கு முதுகு வளையத் தொடங்கியிருக்கும்.

நிற்க. நண்பரின் வினாவுக்கு விடை எமக்கு நாற்பது ஆண்டுகள் கழித்துக் கடல்கடந்த ஓரிடத்திற் கிடைத்தது. எமது மகள் குடும்பம் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் வாழ்கிறது. 2019 ஜனவரியில் பேரப்பிள்ளையைக் காண அங்கு சென்றிருந்தோம். அவ்வேளை டென்மார்க்கும் ஜேர்மனியும் இணைந்து ஆடவர் உலகக் கைப்பந்துப் போட்டியை நடத்திக்கொண்டிருந்தன. மருமகன் எம்மைத் தொடக்கச் சுற்று ஆட்டமொன்றுக்கு அழைத்துச் சென்றார். இறுதியாட்டத்தை வீட்டில் தொலைக்காட்சியிற் கண்டோம். அதே நகரில் நடந்த அவ்வாட்டத்தில் டென்மார்க் நோர்வேயை 31–22 என வென்று முதன்முறையாக உலகக் கிண்ணத்தைப் பெற்றது. வெற்றியை விட எம்மைக் கவர்ந்தது வேறொன்று. ஓரணியின் சட்டை அணிந்த எழுவரும் ஒரே அச்சில் வார்த்த உடலினர் அல்லர். ஒருவர் பனைமரம், ஒருவர் பாறை, ஒருவர் மான் என்று சொல்லத்தக்கவாறு இருந்தனர். ஆடும் இடத்துக்கேற்ப உடலும், உடலுக்கேற்ப உழைப்பும் வேறுபடுவதை அங்கேதான் கண்ணாரக் கண்டோம். ஊர் திரும்பிய பின்னர் அதுபற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தோம்.

முதலில் கோல் காப்பாளர். எழுவருள் மிகக் குறைவாக ஓடுபவர் இவரே. ஆயினும் இவர் உழைப்பு எளிதன்று. தேர்ந்த ஆடவர் எறியும் பந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தையும் கடக்கும். அவ்வேகத்தில் 9 மீற்றர் தூரத்திலிருந்து வரும் பந்து கோலை அடைய ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கே செல்லும். கண் கண்டதைக் கை உணர்ந்து அசையவே செக்கனின் ஐந்திலொரு பங்கு கழிந்துவிடும். ஆகவே பந்து கையை விட்டபின் பாய்பவர் பிந்திவிடுவார். எறிபவரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து முன்னரே அறிதல் வேண்டும். காலைத் தோளுயரத்துக்கு வீசும் இடுப்பு நெகிழ்வும், பக்கவாட்டில் ஒரே எட்டில் கோலின் பாதியை மறைக்கும் வலுவும் வேண்டும். மூன்றில் ஒரு பந்தைத் தடுத்தாலே இவரை நல்ல காப்பாளர் என்பர். மூன்றில் இரண்டை விட்டும் மனந்தளராமல் நிற்பது உடலுழைப்பிலும் கடினமான உழைப்பாகும்.

அடுத்து, இரு ஓரங்களிலும் நிற்போர் இருவர், ‘விங்’ என்பர். எதிரியின் பந்து பறிபட்ட கணமே மறுகோல் நோக்கிப் பறப்பவர்கள் இவர்களே. முழுவேகத்தில் களத்தின் நீளம் ஓடி, பயனின்றித் திரும்பி, மீண்டும் ஓடுவது இவர்கள் கடன். தாக்குதலின்போது களத்தின் மூலையிலிருந்து, கோல் ஒரு கீற்றாகத் தெரியும் கோணத்தில், ஆறு மீற்றர்க் கோட்டுக்கு மேலாகப் பாய்ந்து, தரையைத் தொடுமுன் பந்தை எறிதல் வேண்டும். பருமனான உடலுக்கு இது இயலாது. ஓரணியில் பொதுவாகக் குட்டையரும் எடை குறைந்தோரும் இந்நிலையிலேயே இருப்பர்.

மூன்றாவதாக, ஒன்பது மீற்றர்க் கோட்டை அண்டி நிற்கும் பின்வரிசையார் மூவர். எதிர் நிற்கும் அரணுக்கு மேலாக எழும்பி எறிவது இவர்கள் தொழில். ஆதலின் உயரமும் தோள்வலியும் வேண்டும். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பந்தை ஓராண்டில் பல்லாயிரம் முறை முழுப் பலத்துடன் எறிவதால் தோளும், எழும்பி இறங்குவதால் முழங்காலும் தேய்வது இவர்களுக்கே மிகுதி. உலகப் போட்டியில் சிறந்த வீரரெனத் தெரிவான மிக்கல் ஹான்சன் இவ்வரிசையின் இடப்பக்கத்தில் ஆடியவர். மூவருள் நடுவே நிற்பவர் ஆட்டத்தை நடத்துபவர். தசையினும் மதி மிகுதியாக வேண்டும் இடம் இது. வலப்பக்கத்துப் பின்வரிசைக்கும் வலது ஓரத்துக்கும் இடக்கையரையே விரும்பித் தேடுவர் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். அவர் எறியும் கோணம் அகன்றிருப்பதே காரணம். இடக்கையால் எழுதியதற்காக நம்மூரில் எத்தனை பிள்ளைகள் அடி வாங்கினர் என்பதை எண்ணும்போது இச்செய்தி எமக்கு இனிமை தந்தது.

இறுதியாக, ‘பிவட்’ எனப்படுபவர். எதிரணியின் அரணுக்குள்ளேயே புகுந்து, கோலுக்கு முதுகு காட்டி நிற்பவர். இருவர் மூவர் இடிக்கவும் தள்ளவும் இழுக்கவும் அசையாது நின்று, தம் தோழருக்கு வழி திறந்துவிடுதல் இவர் பணி. பந்து கிட்டினால் இடித்துக்கொண்டே திரும்பி எறிவார். பாய்ச்சல் ஓட்டம் இவருக்குக் குறைவு, மல்யுத்தம் மிகுதி. ஓரத்தாரைக் காட்டிலும் பத்துக் கிலோவுக்கு மேல் கனத்தவராக இருப்பது இயல்பு.

டென்மார்க்கின் முதன்மை அணிகளை ஆய்வாளர்கள் பல பருவங்கள் தொடர்ந்து நுணுகி நோக்கியுள்ளனர். ஓர் ஆட்டத்தில் ஒருவர் கடக்கும் தூரம் சராசரியாக மூன்றரைக் கிலோமீற்றரை ஒட்டியது; அதன் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுமே. முழுவேக ஓட்டம் நேரத்தில் மிகச் சிறு பங்கு. அச்சிறு பங்கில் ஓரத்தாரே முந்தி நிற்கின்றனர். உடல் மோதலைக் கணக்கிட்டால் பிவட்டுக்கே முதலிடம். ஓடிய தூரத்தை மட்டும் கொண்டு மதிப்பிடுபவர் பிவட்டைச் சோம்பேறி என்பர். தாங்கிய இடியை மட்டும் கொண்டு மதிப்பிடுபவர் ஓரத்தாரைக் கோழை என்பர். இருவரும் தவறுவர்.

இதனை விளங்கிக்கொள்ள நாம் டென்மார்க் வரை போகவேண்டியதில்லை. நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவரின் உழைப்பு விரலிலும், கூடை தாங்கும் நெற்றியிலும் முதுகிலும் இருக்கிறது. கவ்வாத்து வெட்டுபவரின் உழைப்பு தோளிலும் மணிக்கட்டிலும் இருக்கிறது. மருந்துத் தாங்கியைச் சுமந்து சரிவில் ஏறுபவருக்கு மூச்சிலும் முழங்காலிலும் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் தராசில் கவ்வாத்துக்காரரின் ஒருநாள் வேலையை நிறுத்தால் முள் அசையாது. அதற்காக அவர் வேலை செய்யவில்லை என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை. தோட்டம் அறிந்த இந்த நீதியை மைதானமும் அறிதல் வேண்டும்.

நம் நாட்டிலேயே பெரும் சான்று ஒன்று உண்டு. வலைப்பந்தாட்டத்தில் எழுவருக்கும் ஏழு நிலைகள். அவரவர் செல்லத்தக்க எல்லையும் விதியால் வரையறுக்கப்பட்டது. களமெங்கும் ஓடுபவர் நடுநிலை ஆட்டக்காரர். கோல் எய்பவரோ தம் அணி தாக்கும் பக்கத்து மூன்றிலொரு பகுதியைத் தாண்டார். யாழ்ப்பாணத்து மகளான தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரமுடையவர். கோல் எய்யும் நிலையில் நின்று 2009 இலும் 2018 இலும் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வெல்லத் துணைநின்றார். அவரை நடுநிலையில் ஓடவிட்டிருப்பின் நாடு ஒரு பெருஞ்செல்வத்தை இழந்திருக்கும். குட்டையர்க்கு மட்டுமன்றி நெட்டையர்க்கும் தமக்குரிய இடம் கிடைத்தாலே சிறப்பு உண்டாகும்.

இங்கே ஒரு தடை எழலாம். டென்மார்க்கில் ஓரத்தில் நிற்கும் ‘குட்டையர்’ நம்மூரில் ஆறடி நெட்டையரன்றோ என்பர் சிலர். உண்மையே. உலகக் களத்தில் நிற்க நம் பிள்ளைகளுக்கு உயரம் போதாது எனின் அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உடலிற் சிறிய ஆசியர் விரைவாலும் ஒழுங்காலும் உயரத்தை வெல்லக்கூடும் என்பதைக் கொரிய மகளிர் 1988 இலும் 1992 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்று காட்டினர். மேலும், நம் கல்லூரி அணி ஆடப்போவது பதுளையிலும் அப்புத்தளையிலும் உள்ள பிள்ளைகளுடனேயன்றி டேனியருடன் அன்று. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதை அவர்களிடம் காட்டினாற் போதும்.

உயரத்தைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விடுதல் தகாது. 2016 ஆம் ஆண்டின் நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப்புறத்தில் அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 32 ஆகும். தூணிற் கீறிய கோடு, பிள்ளையின் எலும்பை மட்டும் அளக்கவில்லை; அப்பிள்ளையின் தாய் கருவுற்றிருந்த காலத்தில் அவள் தட்டில் என்ன இருந்தது என்பதையும் அளந்தது. பசித்த வீட்டிற் பிறந்ததைக் குற்றமாக்கி, அதற்குத் தண்டனையாக மைதானத்தின் விளிம்பில் நிறுத்துவது எந்தக் கல்லூரிக்கும் அழகன்று.

ஆதலின், புதிய களத்தின் பொருட்டுச் சில கருத்துகளைச் சங்கத்தார் முன்னும் ஆசிரியர் முன்னும் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, ஒரு கோடு போதாது. இருபது மீற்றர் ஓட்டம், நின்றபடி தாவுதல், பந்து எறிதல், பக்கவாட்டுப் பாய்ச்சல், தள்ளுதலைத் தாங்குதல் என ஐந்து சோதனைகளேனும் வைத்து, எந்தப் பிள்ளை எதில் முந்துகிறான் என எழுதிக்கொள்ளல் வேண்டும். எல்லாவற்றிலும் பிந்துபவனுக்கும் காப்பாளரின் கூரிய கண் இருக்கலாம். அதையும் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, பதினைந்து வயது வரை எவரையும் ஒரே நிலையில் கட்டிவைத்தல் கூடாது. வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே ஆண்டில் வருவதன்று. பதின்மூன்றில் குட்டையாய் நின்றவன் பதினேழில் பின்வரிசைக்கு உரியவனாகலாம்.

மூன்றாவது, பயிற்சியும் நிலைக்கேற்ப அமைதல் வேண்டும். நம் பிள்ளைகள் மலையேறி வருபவர்கள், அவர்களுக்கு ஓட்டப்பயிற்சி எதற்கு என்பாருண்டு. மலையேற்றம் நீடித்த மூச்சைத் தரும். ஓரத்தாருக்கு வேண்டிய நான்கு செக்கன் மின்னலோட்டத்தை அது தராது. அதைத் தனியே பழக்க வேண்டும். பிவட்டுக்குத் தள்ளும் பலமும், பின்வரிசையாருக்குத் தோள் காக்கும் பயிற்சியும், எல்லோருக்கும் தரையில் இறங்கும் முறையும் கற்பித்தல் வேண்டும். நோர்வேயில் 15 முதல் 17 வயது வரையுள்ள 1,837 இளையோரிடம் நடத்திய ஆய்வொன்று 2005 இல் வெளியாயிற்று. ஆட்டத்துக்கு முன் ஒழுங்கான உடற்பயிற்சியைச் செய்தோரிடம் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்று அது காட்டிற்று. இதற்குக் காசு பெரிதாக வேண்டியதில்லை. இருபது நிமிடமும் ஆசிரியரின் கண்டிப்புமே வேண்டும்.

நான்காவது, பயிற்சி நாளில் பிள்ளைகளுக்கு ஒரு முட்டையும், அவித்த கடலையும், ஒரு கோப்பைப் பாலும் கொடுக்கச் சங்கம் நிதி ஒதுக்குதல் வேண்டும். களத்துக்குக் கொட்டும் சீமெந்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே. வெறும் வயிற்றுடன் வந்த பிள்ளையை ஓடவிட்டுக் களைத்தான் என்று குறிப்பெழுதுவது அறமாகாது.

இன்று பயிலும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோல் போட்டவனின் பெயரையே கைதட்டுவோர் அறிவர். அவனுக்கு வழிதிறந்து இடி தாங்கியவனையும், பத்துமுறை வீணாக ஓடிப் பதினோராம் முறையும் ஓடியவனையும், மூன்றில் இரண்டை விட்டும் மூன்றாவதைப் பிடித்தவனையும் அறிந்துகொள்ளப் பழகுங்கள். நாளை நீங்கள் ஒரு வகுப்பறைக்கோ காரியாலயத்துக்கோ தோட்டத்துக்கோ பொறுப்பேற்கும்போது, பிறரின் உழைப்பை அதற்குரிய தராசில் நிறுக்க அப்பழக்கம் துணைசெய்யும்.

களத்தின் திறப்புவிழா நடைபெறும் நாளில், தேயிலைப் பக்கத்து விளிம்பில் ஒரு வலை கட்டுமாறு சங்கத்தாரை வேண்டிக்கொள்கிறோம். பந்து பொறுக்குவதற்கென்று ஒரு பிள்ளையை நிறுத்தும் தேவை அதன்பின் இராது; அப்பிள்ளையும் களத்துக்குள் வரலாம்.